கண்ணாடி அலமாரியில் கொமடோர்

கேள்வி: அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1987-இல் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த கொமடோர் 64சி, பிறகு நானே தேடி வாங்கிய ரப்பர் விசை ஸ்பெக்ட்ரம் ஆகிய பழைய வீட்டுக் கணினிகள் இரண்டும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. புது வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து வைக்க ஆசை. ஜன்னல் ஓரம், சாமி மேடைக்கு எதிர்ச்சுவர், மாடிப்படிக்குக் கீழே என மூன்று இடங்கள் உண்டு. கொமடோர் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வைக்கலாமா? வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம், தம்பி. அந்தக் காலத்து மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். சட்டென்று தீப்பிடிக்காமலிருக்க அதில் புரோமின் சேர்ந்த பொருளைக் கலப்பார்கள். வெயில் படப்பட மஞ்சள் ஏறும். ஸ்பெக்ட்ரம் கறுப்பு, அதற்கு இந்தக் கவலை இல்லை.

வெளுக்கும் விஷயத்தில் நான் சூடுகண்ட பூனை. என்னிடமும் ஒரு 64சி உண்டு. முடிக்குச் சாயம் போடும் கடையில் 12 சதவீத பெராக்சைடு கிரீம் வாங்கி, மூடியில் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வாசல் வெயிலில் வைத்தேன். தாளுக்கடியில் காற்றுக் குமிழ் நின்ற இடமெல்லாம் கிரீம் காய்ந்துபோனது. சாயங்காலம் பிரித்தால், தேமல் விழுந்த முகம் மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளை! இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. நன்றாக வெளுத்தாலும் மஞ்சள் திரும்பி வரும். அப்பா வாங்கிய பெட்டி, நிறம் எப்படி இருந்தால் என்ன?

ஓட்டிக் காட்டலாம், ஆனால் பழைய அடாப்டரில் வேண்டாம். செங்கல் கனத்துக்கு இருக்குமே, அதிலிருந்து 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி என இரண்டு மின்சாரம் வரும். அது கெடும்போது அந்த 5 வோல்ட் மேலே ஏறி மெமரி சிப்புகளைத் தீர்த்துவிடும். கொமடோருக்கென்று இப்போது புதிதாகச் செய்த அடாப்டர்கள் கிடைக்கின்றன. பழையதைப் பக்கத்தில் சும்மா பார்வைக்கு வையுங்கள். ஸ்பெக்ட்ரமை ஆசைக்குத் திறந்து பார்க்காதீர்கள். விசைகளுக்கடியிலிருந்து வரும் பிளாஸ்டிக் நாடா வயதாகி மொறுமொறுவென்று இருக்கும், இழுத்தால் ஒடியும்.

நம் ஊர் ஈரத்தில் அலமாரியை இறுக்கி மூடினால், இந்தக் கணினிகளுக்கான புரோகிராம் பதிந்த கேசட்டுகளையும் வைத்திருந்தால் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பின்பலகையில் காற்றுக்கு வழி விடுங்கள், அதில் மெல்லிய வலையும் அடியுங்கள். வலை எதற்கென்றால், என் கொமடோரின் காற்றுத் துவாரம் வழியாகப் பல்லி உள்ளே போய் முட்டையிட்டிருந்தது. ஓட்டும்போது வெளியே எடுத்து மேசையில் வைத்து ஓட்டுங்கள்.

சாமி மேடைக்கு எதிரிலும் சரிப்படாது. சாம்பிராணிப் புகை விசை இடுக்குகளில் படிந்தால் லேசில் போகாது. ஆக, மாடிப்படிக்குக் கீழேதான். தச்சரிடம் அளவு சொல்லும்போது, பின்பக்கம் செருகும் வயர்களுக்கு நாலு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். நான் மறந்துவிட்டு, என் அலமாரிக் கதவு இன்னும் முழுசாக மூடாது.