வெள்ளம் புகுந்த வீடு: இன்சூரன்ஸ் மறுத்தால் என்ன வழி?

கேள்வி: வங்கிக் கடனில் வாங்கிய தரைத்தள வீடு எங்களுடையது. கனமழை இரவில் அரை மணி நேரத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மாமனார், மாமியார், குழந்தைகளோடு மொட்டைமாடியில் ஒதுங்கி, மறுநாள் உறவினர் வீட்டுக்குப் போனோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னது 9 நாள் கழித்து. நாற்றம் தாங்காமல் மெத்தைகளை அதற்குள் எறிந்துவிட்டோம். தாமதம், பில் இல்லை, வந்தது சாக்கடைத் தண்ணீர் என்று கிளெய்மை மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. போனில் கேட்டால், கட்டடத்துக்கு மட்டும் ஒரு தொகை தருகிறோம், வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டதால் மட்டும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அவசரத்துக்குப் பணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதிக்கு உரிமை உண்டு’ என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

முதலில் பாலிசி நகலை வங்கியில் கேட்டு வாங்குங்கள். கடன் வாங்கியவர்களில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருப்பதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியாக இருந்தால், வெள்ளத்தோடு ‘இனண்டேஷன்’ என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கும். அதாவது, நீர் சூழ்ந்து மூழ்குதல். மழையால் வடிகால் பொங்கி வந்த தண்ணீரை வேறு வகை என்று ஒதுக்க முடியாது என்பதே உங்கள் வாதம்.

அதே பாலிசியில், கட்டடம் மட்டும் என்று ஷெட்யூலில் (பாலிசியோடு வரும் விவரத் தாளில்) குறுக்கப்படாவிட்டால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கவர் உண்டு. முன்கூட்டிப் பட்டியல் கொடுத்திருக்கத் தேவையில்லை. கட்டடம் 30 லட்சம் என்றால் பொருள்களுக்கு 6 லட்சம். உங்களிடம் பேரம் பேசி விடச் சொல்வது இந்தப் பணத்தைத்தான். நகைக்கு மட்டும் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

தாமதம் பெரிய தடையல்ல. நியாயமான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-இல் சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றமும் 2017-இல் அதையே சொன்னது. மின்தடை, போன் சிக்னல் இல்லாதது, தெருவில் தண்ணீர் வடிந்த நாள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்.

பில்லுக்குப் பதில் வங்கி ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் விவரம், வாரண்டி கார்டு போதும். வீட்டு விசேஷத்தில் எடுத்த படத்தில் பின்னணியில் டி.வி. தெரிந்தால் அதையும் சேருங்கள். எறிந்த மெத்தைகளுக்குப் பக்கத்து வீட்டார் இருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சுவருக்கு இப்போது வெள்ளையடிக்காதீர்கள். டேப்பின் பூஜ்யத்தைத் தரையில் வைத்து, சேற்றுக்கோடு எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று ஒவ்வோர் அறையிலும் படம் எடுங்கள். ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கம்ப்ரசர் பின்புறம் அடியில் இருப்பதால், கணுக்காலைத் தாண்டிய தண்ணீரே அதைக் கெடுத்துவிடும். சர்வீஸ்காரர் ஜாப் ஷீட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதித் தருவார். ‘தண்ணீர் புகுந்ததால் பழுது’ என்று எழுதச் சொல்லி, சீரியல் எண்ணோடு வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் கிளெய்ம் விழுவது மிக அதிகம்.

இவற்றை இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் அங்கே ஆஜராக முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்கலாம். ஓராண்டுக்குள் மனு போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். அங்கே வழக்கு போட்டுவிட்டால் ஓம்புட்ஸ்மன் மனுவை எடுக்க மாட்டார். ஆகவே ஓம்புட்ஸ்மன் முதலில். அங்கே காத்திருக்கும்போதும் அந்த இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணி, கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கம்பெனிக்கு அனுப்பும் மனுவிலேயே, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். அது கடைசித் தீர்ப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்பது அந்த நகல் கைக்கு வந்தால்தான் தெரியும்.