மகள் ‘இன்னோவேஷன் மேனேஜ்மென்ட்’ படிக்கப் போகிறேன் என்கிறாளா?

மெக்கானிக்கல் முடிக்கப்போகும் மகள், வெளிநாட்டில் ‘இன்னோவேஷன் மேனேஜ்மென்ட்’, அதாவது புது யோசனையைப் பொருளாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவதை நிர்வகிக்கும் படிப்பு, படிக்க ஆசைப்படுகிறாள். படித்தால் இங்கே வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் அந்தப் பெயரில் இல்லை.

ஏற்றுமதி செய்யும் கோவை பம்ப் கம்பெனி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புது மாடலைக் கண்காட்சியில் வைத்து ஆர்டர் பிடித்த பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகள் தவிர, புதுமை போய்விட்டது என்று விண்ணப்பம் அடிபடும். அதற்கு முன்பே தற்காலிக விவரணம் (கண்டுபிடிப்பை விளக்கும் முதல்கட்ட ஆவணம்) கொடுத்திருந்தால், விண்ணப்பித்த தேதி காப்பாற்றப்பட்டிருக்கும்; முழு விவரணத்துக்கும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் அந்தத் தேதியிலிருந்து 12 மாத அவகாசம். இங்கே விண்ணப்பிக்காமல் நேரே வெளிநாட்டில் விண்ணப்பிக்க, காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். எதைப் பதிவு செய்வது, எதைத் தொழில் ரகசியமாகவே வைத்துக்கொள்வது என்று முதலாளிக்குச் சொல்ல ஓர் ஆள் தேவை. உங்கள் மகள் தேடும் வேலை அதுதான்.

அதற்கு நல்ல வாசல், காப்புரிமை முகவர் தேர்வு; கண்டுபிடித்தவர் சார்பில் விண்ணப்பத்தை எழுதி நடத்துபவர்தான் முகவர். இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் போதும். சட்டப் படிப்பு தேவையில்லை. 100 மதிப்பெண்ணில் இரண்டு தாள், நேர்முகத்துக்கு 50. தாளுக்கு 50 குறையாமல், மொத்தம் 150 எடுக்க வேண்டும். ஆண்டு தவறாமல் நடக்கும் தேர்வு அல்ல. அதனால் காத்திருக்கும் காலத்தில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, பழைய காப்புரிமைகளைத் தேடவும் விவரணம் எழுதவும் பழகட்டும்.

சறுக்குவது இரண்டாம் தாளில், விவரணம் எழுதும் இடத்தில். டிபன் கேரியரை வைத்துப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். விவரணத்தில் ‘இதுவரை எனக்கு உரிமை’ என்று எல்லை போடும் வாக்கியம்தான் கோரிக்கை. ‘நான்கு எவர்சில்வர் அடுக்குகள்’ என்று கோரிக்கை எழுதினால், பிளாஸ்டிக்கில் மூன்றடுக்கு செய்பவர் தப்பிவிடுவார். ‘ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கலன்கள்’ என்று விரித்தாலோ, கடையில் ஏற்கெனவே தொங்கும் கேரியர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். புதிதாக இருப்பது கொக்கி என்றால், அது எங்கே மாட்டி எப்படி இறுக்குகிறது என்பது முதல் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும். இந்தக் கை பழக மாதங்கள் ஆகும். எந்தப் பட்டமும் இதைத் தானாகத் தந்துவிடாது.

கல்விக் கடன் வாங்கி வெளிநாடு அனுப்புவதை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து. வேலை பார்த்த பிறகு போனால், எந்தப் பாடம் தனக்கு வேண்டும் என்று அவளுக்கே தெரியும். இந்த வாரமே காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பம்ப் பற்றிய விவரணம் ஒன்றை எடுத்து, முதல் கோரிக்கையை மட்டும் படித்துப் படமாக வரையச் சொல்லுங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை.