கேளுங்க அக்கா: ஜியாகிரஃபி கிடைச்சிருச்சு, இனி என்ன பண்றது?

கேள்வி: அக்கா, நாங்க திருவொற்றியூர், கடற்கரை பக்கம் வீடு. பி.காம் தான் கேட்டேன், கட் ஆஃப் பத்தல, பி.எஸ்சி ஜியாகிரஃபி கிடைச்சுது. செகண்ட் செமஸ்டர் முடியப்போகுது. மேப் வரையறது புடிச்சிருக்கு. ஆனா வீட்ல இத படிச்சா டீச்சர் வேலைதான்னு சொல்றாங்க, தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு அலசுறது) கோர்ஸ்ல சேருன்றாரு, ஃபீஸ் 40,000. அப்பா ஹார்பர்ல கான்ட்ராக்ட் வேலை. மிச்ச ரெண்டு வருஷத்த எப்படி பிளான் பண்ணலாம்?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த நாப்பதாயிரத்த மொதல்ல மறந்துடு மா. நானும் இதே டிகிரிதான், அம்மா செயின அடகு வச்சு ஒரு இடத்துல சேர்ந்தேன், மூணு மாசத்துல எந்த பட்டன அமுக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க, ஏன் அமுக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. க்யூஜிஐஎஸ்னு மேப் போடுற சாஃப்ட்வேர் இலவசம், காலேஜ் லேப்லயே போட்டுக்கலாம். லேண்ட்சாட்னு அமெரிக்க சாட்டிலைட் எடுத்த படங்க 1972லேர்ந்து இருக்கு, காசே இல்லாம டவுன்லோட் பண்ணலாம். நம்ம இஸ்ரோவோட மேப் வெப்சைட் புவன் இருக்கு. டேராடூன்ல இருக்குற ஐஐஆர்எஸ், அதாவது இஸ்ரோவோட ரிமோட் சென்சிங் இன்ஸ்டிட்யூட், ஆன்லைன்ல ஃப்ரீயா கோர்ஸ் நடத்துறாங்க, சர்டிஃபிகேட்டும் உண்டு.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வரேன். உங்க அப்பா வேலைக்கு போற ஹார்பர் இருக்குல்ல, அதோட கட்டுமானம் 1870கள்ல ஆரம்பிச்சுது. நம்ம கரையில வருஷத்துல முக்காவாசி நாள் அலை மணல தெக்கேர்ந்து வடக்க தள்ளிட்டே போகும், நடுவுல சுவர் வந்ததும் மணல் தெக்கயே நின்னுடுச்சு, மெரினா அகலமாச்சு, வடக்க ராயபுரம் காசிமேடு திருவொற்றியூர்னு வரவேண்டிய மணல் வரல ஆனா கடல் மட்டும் அரிச்சுட்டே இருந்துச்சு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா கொட்டி வச்சிருக்குற பாறாங்கல்லு, கடலுக்குள்ள நீட்டி போட்டிருக்குற கல்லு வரிசை எல்லாம் அதுக்குதான். உனக்கு ஜியாமார்ஃபாலஜில (நில அமைப்பு பத்தின பேப்பர்) இப்படி கரையோரமா மணல் நகர்றது லாங்ஷோர் டிரிஃப்ட்னு ரெண்டு மார்க் கேள்வியா வரும், ஆனா அது உங்க தெரு கதை.

அதனால மூணாவது வருஷ ப்ராஜெக்ட இப்பவே முடிவு பண்ணிக்கோ, திருவொற்றியூர் கரை எவ்ளோ உள்ள வந்திருக்குன்னு. 1980கள்லேர்ந்து வர்ற லேண்ட்சாட் படத்துல ஒரு பிக்சல் 30 மீட்டர், அதுக்கு முந்தினதுல இன்னும் பெருசு, அதனால அஞ்சு மீட்டர் பத்து மீட்டர் அரிப்ப அதுல புடிக்க முடியாது, சமீபத்துக்கு சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் படத்த எடு, அதுல 10 மீட்டர். மிச்சத்துக்கு வயசானவங்கதான் உனக்கு ரெக்கார்டு, எந்த வீடு எந்த வருஷம் போச்சுன்னு அவங்களுக்கு தெரியும், காசிமேட்டுல கடலுக்கு போறவங்க நீரோட்டம் எப்ப எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லுவாங்க, எழுதி வை.

இதுக்கு ஏத்த மாதிரிதான் பேப்பர் எடுக்கணும். அலைடுல (மெயினோட சேத்து படிக்கிற துணைப் பாடம்) சாய்ஸ் குடுத்தா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடு, சீனியருங்க கஷ்டம்னு பயமுறுத்துவாங்க (கஷ்டம்தான், அதுக்குன்னு விட்றாத). செகண்ட் இயர்ல டோபோஷீட்ட (மேடு, ஆறு, ரோடெல்லாம் காட்டுற சர்வே மேப்) ஒழுங்கா படிக்க கத்துக்கோ, 1:50,000 ஸ்கேல்ல ரெண்டு சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர், அது கண்ணுல பதியற வரைக்கும் விடாத. ரெக்கார்ட் நோட்ட யாரோடதயும் பாத்து காப்பி அடிக்காத, வைவால மாட்டுவ.

வேலைக்கு வருவோம். டீச்சர் வேலைய எதுக்கு இளக்காரமா சொல்றாங்கன்னு தெரியல. பி.எட் போகலாம், ஹயர் செகண்டரிக்கு எடுக்கணும்னா பிஜியும் வேணும். எம்.எஸ்சி ஜியாகிரஃபியோ ஜியோஇன்ஃபர்மேடிக்ஸோ போகலாம். யுபிஎஸ்சில ஜியாகிரஃபி ஆப்ஷனல் ரெண்டு பேப்பர், 500 மார்க். டிஎன்பிஎஸ்சிக்கும் இந்த படிப்பு கை குடுக்கும். ஆனா இதுல எதுன்னு இன்னைக்கே உக்காந்து மண்டைய ஒடச்சுக்காத, அஞ்சாவது செமஸ்டர் வரைக்கும் டைம் இருக்கு.

இன்னைக்கு நைட் அப்பா வந்ததும், ஹார்பர்ல எந்தப் பக்கம் மணல் சேருது, எங்க தூர் வாருறாங்கன்னு கேளு. அவர் சொல்றத ப்ராஜெக்ட் நோட்டுல மொதல் பக்கத்துல எழுது, தேதி போட்டு.