எங்கிருந்து வருவார் உங்கள் அம்மா?

கேள்வி: எனக்கு வயது 36. சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை, கையில் வரும் சம்பளம் 72,000 ரூபாய். மனைவி, 9 வயது மகளோடு கூடுவாஞ்சேரியில் 14,000 வாடகையில் இருக்கிறோம். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு இந்தப் பக்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்ககத்தில் 900 சதுர அடி, இரண்டு பெட்ரூம், 58 லட்சம் சொல்கிறார்கள். பத்திரச் செலவு, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 65 லட்சம். ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதையும் சேர்த்து என் சேமிப்பு 6 லட்சம். அப்பா கட்டிய கடலூர் வீட்டை 39 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். தானே புயலில் ஓட்டுக்கூரை போனபோது அப்பா கடன் வாங்கித் தளம் போட்ட வீடு அது. அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது, உயில் எழுதவில்லை. 67 வயது அம்மா தனியாக இருக்கிறார். ஃபெஞ்சல் புயலில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது ரொம்பப் பயந்துவிட்டேன். வீட்டை விற்றால் 20 லட்சம் கடன் போதும், இஎம்ஐ 17,500க்குள் முடியும். பண்ருட்டியில் இருக்கும் அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு ரூம் எங்களுக்கு, ஒன்று மகளுக்கு. அம்மா வந்து தங்கும்போது ஹாலில் ஒரு திவான் போட்டுவிடலாம். இப்போதே வாங்கலாமா, விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்:

தம்பி, விலைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தாம்பரம் எட்டாதவர்கள் வண்டலூர் போனார்கள், அது எட்டாதவர்கள் ஊரப்பாக்கம் போனார்கள், அப்புறம் கூடுவாஞ்சேரி. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த வரிசை இன்னும் தெற்கே நகர்ந்திருக்கிறது. நகரத்தில் வட்டி மானியத்தோடு வீடு வாங்க மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பு, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள். உங்களிடம் சொன்ன விலை 58. மாதச் சம்பளக்காரர்களின் கஷ்டம் எனக்குப் புரியாததல்ல. விலை இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதற்காக இந்த வீட்டை வாங்குங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஜிஎஸ்டியைக்கூட மறக்கவில்லை. கணக்கே போடாமல் எழுதிய வரி ஒன்றுதான்: "அம்மா வந்து தங்கும்போது ஹாலில் ஒரு திவான் போட்டுவிடலாம்."

வந்து தங்குவதா? எங்கிருந்து வந்து? கடலூர் வீட்டைத்தான் விற்றுவிட்டீர்களே. அந்த வீட்டுச் சாவியை வேறு ஒருவர் கையில் கொடுத்த மறுநாள் காலையில் உங்கள் அம்மா எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழே கண் விழிப்பார்? மகளுக்கு எந்த ரூம் என்று முடிவு செய்துவிட்ட உங்களுக்கு இது தோன்றவே இல்லை. உங்கள் மனதில் அம்மா இன்னமும் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறார், தீபாவளிக்கும் பேத்தியின் பிறந்தநாளுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார். நீங்கள் கெட்ட பிள்ளை என்று நினைக்கவில்லை. கெட்ட பிள்ளை வெள்ளத்துக்குப் பயந்திருக்கமாட்டான். ஆனால் யோசிக்காத பிள்ளை. இதே மாதிரி கடிதங்களை வருடக்கணக்காகப் படித்துவருகிறேன். ஊர் பெயரும் தொகையும்தான் மாறுகின்றன, அம்மாவுக்கு ஒதுக்கும் இடம் எப்போதும் ஹால்தான்.

நீங்கள் விட்ட கணக்கை நான் போடுகிறேன். உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்காகப் போகும். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக, 39 லட்சத்தில் உங்களுடையது 13 லட்சம். அம்மாவுடையது 13, அக்காவுடையது 13. அம்மாவின் 13 லட்சத்தை 58 லட்ச வீட்டில் போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவருடையது. 900 சதுர அடி என்று பில்டர் சொல்வதில் சுவருக்குள் நீங்கள் புழங்கும் இடம், அதாவது கார்ப்பெட் ஏரியா, 660 இருந்தாலே நல்லது. அதில் அம்மாவின் பங்கு 148 சதுர அடி வருகிறது. பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு முழு ரூம், தம்பி. திவான் எவ்வளவு? ஆறடிக்கு மூன்றடி, 18 சதுர அடி. 148 சதுர அடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு 18 சதுர அடி கொடுக்கிறீர்கள். அதிலும் பகலில் மற்றவர்கள் உட்காருவார்கள்.

என் உறவில் ஒரு பெரியம்மா இருந்தார். சிதம்பரம் பக்கத்து வீட்டை விற்று மகன் ஊரப்பாக்கத்தில் வீடு வாங்கினான். ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு நாங்கள் அங்கே போனோம். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். எழுப்பி, "உள்ளே போய்ப் படுங்களேன்" என்றேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் படுக்கிற திவானில்தான் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருடைய நாலு புடவை, மாத்திரை டப்பா, அவர் கணவரின் போட்டோ எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்தன. காலையில் பால்காரர் மணி அடிப்பதற்குள் போர்வையை மடித்து வைத்துவிடுவாராம். புடவை மாற்ற வேண்டுமென்றால், பேரன் ரூமை விட்டு வெளியே வரும்வரை காத்திருப்பாராம். நாங்கள் எழுந்ததும், "இருங்களேன், எனக்குத் தூக்கமே வரலை" என்றார். அந்த மகனும் நல்லவன்தான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தர ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

நீங்கள் மகிழ்ந்துபோய் எழுதிய அந்த 17,500 இஎம்ஐக்கு வருகிறேன். உங்கள் சொந்தப் பணம் மட்டும் என்றால், பங்கு 13 லட்சமும் சேமிப்பு 6 லட்சமும் போக 46 லட்சம் கடன் வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வங்கி வீட்டு விலையில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம். 58 லட்சத்துக்கு 46.4 லட்சம் வரும், கிடைத்துவிடும். ஆனால் எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 40,000 கட்ட வேண்டும். 72,000 சம்பளத்தில் அது முடியாது என்று உங்களுக்கே தெரியும். 40,000க்கும் 17,500க்கும் நடுவில் இருக்கும் 22,500 ரூபாயை மாதாமாதம் சுமக்கப்போவது அம்மாவும் அக்காவும்தான். அவர்களிடம் இருபது வருடத்துக்கு வட்டியில்லாக் கடன் வாங்குகிறீர்கள், அதைக் கடன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

"அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள்" என்கிறீர்கள். கேட்காமல் இருப்பது வேறு, மனதாரக் கொடுப்பது வேறு. பிறந்த வீட்டோடு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட அக்கா தங்கைகள் நம் ஊரில் எத்தனை பேர்! அம்மாவும் போன பிறகு, உங்கள் அக்காவுக்குக் கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போக ஒரு வாசல்கூட இருக்காது. கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு அக்காவின் பங்கு தீர்ந்தது என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தான்.

வெள்ளத்தைப் பற்றி எழுதியது நியாயமான கவலை. 2024 நவம்பர் 30 இரவு கடலூர், புதுச்சேரிக்காரர்கள் யாரும் தூங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தபோது பட்ட பாடும் தெரியும். ஆனால் 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் புறநகருக்கும் வருகிறது. அம்மா தனியாக இருப்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கு மருந்து அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான். வீட்டை விற்பது அதற்கு மருந்தாகாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அவரை உங்களோடு வைத்துக்கொள்ள நான்கு வருடமாக உங்களைத் தடுத்தது எது?

இப்போது என்ன செய்யலாம்? நானாக இருந்தால் அம்மா இருக்கும்வரை அந்த வீட்டைத் தொடமாட்டேன். அப்பா கடன் வாங்கித் தளம் போட்டது, அவருக்குப் பின் அம்மா யார் தயவும் இல்லாமல் அதன் கீழ் இருக்கட்டும் என்றுதான். உங்கள் வேலை மறைமலை நகரில். மின்சார ரயில் செங்கல்பட்டு வரை ஓடுகிறது. சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டுப் பக்கம் மூன்று ரூம் உள்ள வாடகை வீட்டைத் தேடுங்கள். நான்காயிரம், ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் 40,000 இல்லை. மழைக்காலத்துக்கு அம்மாவுக்குக் கதவு உள்ள ஒரு ரூம் இருக்கும், அப்போது "வந்து தங்குவது" என்ற வார்த்தைக்கும் அர்த்தம் இருக்கும். வீடு வாங்கும் ஆசையை ஐந்து வருடம் தள்ளிப் போடுவதால் யாரும் உங்களைக் குறைத்துப் பேசப்போவதில்லை. பேசினால் பேசட்டும்.

அம்மாவும் அக்காவும் மனதார விற்கலாம் என்று சொன்னால், அக்காவின் 13 லட்சம் அக்கா கணக்குக்குப் போக வேண்டும். அம்மாவின் 13 லட்சம் அம்மா பெயரிலேயே இருக்கட்டும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 26,650 ரூபாய் அவர் கைக்கு வரும். இல்லை, நம் வீட்டில்தான் போடுவேன் என்று அவரே சொன்னால், பத்திரத்தில் அவர் பெயரும் ஏற வேண்டும், வீட்டில் அவருக்கு ஒரு ரூமும் வேண்டும். ஒன்பது வயதுப் பெண் பாட்டியோடு ஒரே ரூமில் படுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்.

டோக்கன் விஷயம். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். அந்த அடுக்ககம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை கிடையாது. அந்த ஒரு லட்சம் திரும்பி வராமலே போனாலும் போகட்டும். ஒரு லட்சம் போய்விடுமே என்று 39 லட்ச வீட்டை விற்றுவிடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். அக்காவையும் பண்ருட்டியிலிருந்து வரச் சொல்லுங்கள். அம்மாவிடம் "வீட்டை விற்கலாமாம்மா" என்று கேட்காதீர்கள். "உன் இஷ்டம்ப்பா" என்றுதான் பதில் வரும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். பில்டர் கொடுத்த வரைபடத்தைக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்டு முடித்ததும் அதைத் தரையில் விரித்து, எது சமையலறை, எது பெட்ரூம், எது ஹால் என்று அம்மாவுக்குக் காட்டுங்கள். அப்புறம் ஒரு பென்சிலை அவர் கையில் கொடுத்து, "இதுல நீ எங்கம்மா படுப்ப?" என்று கேளுங்கள். அவர் ஓர் இடத்தில் பென்சிலை வைக்கும்வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.