ராணுவ நாய்களுக்கு இறுதி மரியாதை: கேள்வியும் பதிலும்

கேள்வி: சார், நாய்க்கும் தேசியக் கொடி போர்த்துவார்களா?

பதில்: போர்த்தியிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஜம்முவின் ரஜௌரியில் பயங்கரவாதிகளுடன் நடந்த மோதலில், தன் ஹேண்ட்லரை, அதாவது தன்னை வழிநடத்தும் வீரரை, காக்கப்போய்க் குண்டடிபட்டு இறந்தது ராணுவ நாய் கென்ட். ஆறு வயதுப் பெண் லாப்ரடார். உடலுக்கு மூவர்ணக் கொடி போர்த்தி மலர்வளையம் வைத்தார்கள்.

கேள்வி: பெரிய அதிகாரிகள் வருவார்களா, இல்லை ஒப்புக்கு நாலு பேர்தானா?

பதில்: ஜூம் என்ற ராணுவ நாயின் விஷயத்தைப் பாருங்கள். 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்த்நாக்கில், பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது பெல்ஜியன் மாலினாய் இனத்தைச் சேர்ந்த இந்த நாய்தான். வயது இரண்டு சொச்சம். உடம்பில் இரண்டு குண்டு பாய்ந்தும் பிடியை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. உடைந்த பின்னங்காலுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். தேறி வருகிறது என்று இருந்தபோது, 13-ஆம் தேதி நண்பகல் நெருங்கும் நேரத்தில் திடீரென மூச்சு வாங்கிச் சரிந்துவிட்டது. பாதாமி பாக் கன்டோன்மென்ட்டில் அஞ்சலி. காஷ்மீரில் உள்ள படைப்பிரிவான சினார் கோரின் தளபதி, அதாவது ஒரு லெப்டினன்ட் ஜெனரல், நேரில் வந்து மலர்வளையம் வைத்தார். ஒப்புக்கு என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: விருது ஏதாவது உண்டா, அண்ணா?

பதில்: பரம் வீர் சக்ரா போன்ற சக்ரா விருதுகள் கிடையாது. ‘மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்’ உண்டு. பெயர் சொல்லிப் பாராட்டி அரசிதழில் வெளியிடுவார்கள். 2015-இல் காஷ்மீரின் தங்தாரில் தன் ஹேண்ட்லருடன் சேர்ந்து உயிர்விட்ட மான்சி என்ற நாய்க்குத்தான் முதலில் கிடைத்தது. அப்புறம் ஆக்ஸல் என்ற இன்னொரு ராணுவ நாய், ஜூம், கென்ட்.

கேள்வி: போலீஸ் நாய்களுக்கு?

பதில்: உண்டு. 1993 மும்பைக் குண்டுவெடிப்புக்குப் பின் டன் கணக்கில் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடித்த ஜஞ்சீர் என்ற போலீஸ் நாய், 2000-இல் எலும்புப் புற்றுநோயில் இறந்தது. முழு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: வெளிநாடுகளில் தனி மயானம் இருக்கிறதா?

பதில்: பசிபிக் கடலில் அமெரிக்காவின் வசம் உள்ள குவாம் தீவில் இருக்கிறது. 1944-இல் ஜப்பானியரிடமிருந்து அந்தத் தீவை மீட்ட சண்டையில் இறந்த அமெரிக்க மரீன் படையின் 25 நாய்களுக்கானது. அங்குள்ள கடற்படைத் தளத்தில் 1994-இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். மேலே டாபர்மேன் இன நாயின் சிலை, கீழே கல்லில் நாய்களின் பெயர்கள்.

கேள்வி: சண்டையில் சாகாமல் வயசாகிப்போன நாய்களுக்கு என்ன மரியாதை?

பதில்: நீங்கள்தான் சரியான இடத்தைத் தொட்டீர்கள். குண்டில் செத்தால் மலர்வளையம், வேலைக்கு ஆகாமல் போனால் கருணைக்கொலை ஊசி என்பதுதான் நம் ராணுவத்தில் ரொம்ப நாள் இருந்த வழக்கம். 2015-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக இது வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது, நீதிமன்றம் வரை போனது. இப்போது மீரட்டில் ஓய்வுபெற்ற நாய்களுக்குக் காப்பகம் இருக்கிறது. பொதுமக்கள் தத்தெடுக்கவும் செய்யலாம். என்னைக் கேட்டால் கொடியைவிட இதுதான் பெரிய மரியாதை. தத்தெடுக்க நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: வருவது குட்டி அல்ல, மருத்துவச் செலவுள்ள கிழட்டு நாய்.