கலைஞர் ரெசிடென்சிகளின் எதிர்காலத்தைக் கூட்டாக ஆராய்வதால் பயன் உண்டா?

ஓவியர்களும் சிற்பிகளும் சில வாரங்கள் வேறோர் ஊரில் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிகள் இனி எப்படி இருக்கும், நடத்துபவர்களும் கலைஞர்களும் சேர்ந்து அதை ஆராய்ந்தால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சி கணக்கு நோட்டிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தொடங்க வேண்டும். நான் படம் வரைபவள், இதுவரை மூன்று ரெசிடென்சிகளில் தங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெக்டவல் என்ற இடம் இருக்கிறது. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மரியனும் 1907இல் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். அழைக்காமல் யாரும் கதவைத் தட்டக் கூடாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலை வைக்காமல், "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்ற குரல் கேட்காமல் ஒரு முழுப் பகல்! அந்தக் கூடை சும்மா வரவில்லை. தொடங்கிய மறு வருடமே கணவர் இறந்துவிட, மரியன் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்து நிதி திரட்டி அந்த இடத்தைக் காப்பாற்றினார்.

நம் ஊரில் இதே காசுச் சிக்கலுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். படித்து முடித்தால் ஓவியனுக்கு வேலை ஏது? பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் கோடாக இழுத்து, சாயத்தில் முக்கி, காய வைத்து, மறுபடி மெழுகு, மறுபடி சாயம், கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பது. கையும் உடையும் சாயமாகும் வேலை. அந்த வருமானம்தான் அவர்களுக்கு நிலமும், தங்கள் படங்களை வரைய நேரமும் கொடுத்தது. வந்து போகும் ரெசிடென்சி இல்லை அது, குடியேறி வாழும் ஊர். ஆனாலும் 'கலைஞனின் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது' என்பதைக் கூடி யோசித்து, செய்தும் பார்த்திருக்கிறார்கள். நான் அதைக் கூட்டு ஆராய்ச்சி என்றுதான் சொல்வேன்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஆறு வாரம் தங்கினேன். விண்ணப்பத்திலேயே 'என்ன முடித்துத் தருவீர்கள்' என்று ஒரு கட்டம். கடைசி இரண்டு வாரம் கண்காட்சிப் படங்களுக்கு ஃபிரேம் போடுவதிலும் விருந்தினர் பட்டியல் தயாரிப்பதிலும் போய்விட்டது. வரைய வந்தவள் வரையவில்லை. திரும்பி வந்ததும் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து, அவரவர் தங்கிய நாட்களின் மணியையும் ரூபாயையும் எழுதி ஒப்பிட்டோம். எல்லோருக்கும் அதே கதை. குழந்தை உள்ளவர்கள் பாதியில் கிளம்பியிருந்தோம். பயணச் செலவைக் கையிலிருந்து போட்டவர்கள் பிறகு எங்கும் விண்ணப்பிக்கவே இல்லை.

கொரோனா காலத்தில் ரெஸ் ஆர்ட்டிஸ் என்ற உலகளாவிய ரெசிடென்சி வலையமைப்பு, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுடன் சேர்ந்து இந்தத் துறையின் நிலைமையைக் கருத்தாய்வு செய்தது. அதுபோன்ற பெரிய ஆய்வுகள் தேவைதான். பின்லாந்தின் சாரி ரெசிடென்சி, சுற்றுச்சூழலுக்காக விமானத்தைத் தவிர்த்து மெதுவாகப் பயணம் செய்து வருவதை ஊக்குவிக்கிறது. நல்ல யோசனை. ஆனால் சென்னையிலிருந்து பின்லாந்துக்கு ரயிலில் போக முடியாது. நமக்கு அதன் பொருள், ஒரு பேருந்து தூரத்தில், குழந்தையையும் கூட்டிக்கொண்டு, மூன்று மாதம் தங்கக்கூடிய இடங்கள் வேண்டும் என்பதே.

மூன்று மாதம் எதற்கு என்கிறீர்களா? நான் தங்கிய ஓரிடத்தில் சமையல் செய்த அக்கா ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "முதல் பத்து நாள் யாரும் வேலை செய்றதில்லம்மா, தூங்குவாங்க. அப்புறம்தான் ராத்திரி டீ கேக்க ஆரம்பிப்பாங்க." பல வருடமாகப் பார்த்துவருபவர் அவர். நானும் அப்படித்தான் தூங்கியிருந்தேன். ஆறு வாரத்தில் தூக்கத்தையும் கண்காட்சியையும் கழித்தால் மிச்சம் இருப்பது மூன்று வாரம்கூட இல்லை.

நீங்கள் ஆய்வுக் குழு அமைப்பதாக இருந்தால் இப்படிப்பட்ட ஒருவரையும் கூப்பிடுங்கள். அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஐந்து பேரின் நோட்டுகளையும் தருகிறோம்.