அப்பாவின் காலில் ஆறாத புண்: எந்த மூலிகையை நடலாம், எதைப் புண்ணில் வைக்கக் கூடாது?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. மண்வெட்டிக் காம்பு லேசாக இடித்ததில் வலது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக ஒரு புண். ஆறு வாரம் ஆகிவிட்டது, மூடவில்லை. சர்க்கரை நோய் இல்லை. சாயங்காலம் ஆனால் அந்தக் கால் வீங்கும். மஞ்சள் பொடி போட்டு வருகிறோம். வீட்டை ஒட்டி ஒரு சிறு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. புண் ஆற்றும் மூலிகைகளை அதில் நட்டு அப்பாவுக்குப் பயன்படுத்தலாம், நன்றாக வந்தால் விற்கவும் செய்யலாம் என்று நினைக்கிறோம். எதை நடுவது, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: நிலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியவை மூன்று விஷயங்கள்: ஆறு வாரம், கணுக்காலின் உள்பக்கம், சாயங்கால வீக்கம். சாதாரணக் காயம் நான்கு வாரத்துக்குள் மூடும், அல்லது மூடிக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். அதைத் தாண்டியும் அப்படியே இருந்தால் உள்ளே ஏதோ தடுக்கிறது. நீங்கள் சொல்லும் இடத்தில், வீக்கத்தோடு வரும் புண் பெரும்பாலும் ரத்தக்குழாய்ப் பிரச்சினை. காலில் இருந்து மேலே ஏற வேண்டிய ரத்தம் சிரைகளில் தேங்கி, அந்த அழுத்தத்தில் தோல் ஆற முடியாமல் தவிக்கும். இதற்கு முக்கியமான வைத்தியமே அழுத்தக் கட்டுதான். அதையும் நீங்களாக இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. காலுக்கு வரும் ரத்த ஓட்டம் போதுமானதா என்று கை, கணுக்கால் இரண்டிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கட்டுவார்கள். ஓட்டம் குறைவான காலில் இறுக்கிக் கட்டினால் கால் கறுத்துவிடும்.

அதனால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று நடும் வல்லாரை அறுவடைக்கு வர மூன்று மாதம் ஆகும், புண் அதுவரை காத்திருக்காது. சுற்றிலும் சிவப்பு பரவுவது, காய்ச்சல், துர்நாற்றம், திடீரென்று கூடும் வலி, கறுத்த சதை இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே போக வேண்டும். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருப்பவை. பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி அது, வயதானவர்கள் பலரும் எப்போது போட்டோம் என்பதையே மறந்திருப்பார்கள்.

வயதான தோலுக்கு ஏன் இந்தத் தாமதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மூலிகை விஷயம் எளிதாகப் புரியும். மேல்தோலும் உள்தோலும் விரல் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். வயது ஏற ஏற அந்தப் பின்னல் தட்டையாகிறது. அதனால்தான் முழங்கையிலும் முன்காலிலும் லேசாக உரசினாலே தோல் வெங்காயச் சருகு போல உரிந்து வருகிறது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் குறைகிறது, புது செல்கள் வருவது மெதுவாகிறது, ரத்த ஓட்டமும் பழையபடி இல்லை. கவாத்து செய்த இளம் மரம் வெட்டுவாயைச் சீக்கிரம் சுருட்டி மூடிவிடும், கிழட்டு மரம் அதே அளவு வெட்டை மூடப் பல பருவம் எடுக்கும். ஓரத்தில் இருந்து உள்நோக்கி மெல்ல வளரும் அந்தப் புதுப்பட்டையைச் சுரண்டாமல் இருப்பதே அங்கே பாதி வைத்தியம். இங்கேயும் அப்படித்தான்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் என் அத்தைக்கு முன்காலில் தோல் கிழிந்தபோது நான்தான் மஞ்சள் பொடியை அப்பினேன். மூன்றாம் நாள் பார்த்தால் பொடியும் கசிவும் சேர்ந்து மஞ்சள் ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஊறவைத்து மெதுவாக எடுத்தும் அதோடு ஓரத்தில் முளைத்திருந்த வெளிர் இளஞ்சிவப்புத் தோலும் சேர்ந்து வந்துவிட்டது. முதல் நாளை விடப் புண் பெரிதாகியது. செவிலியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று கூட இந்த மஞ்சளில் தெரியவில்லையே" என்றார். அது எனக்கு இன்னும் உறைக்கிறது.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் அழற்சியைக் குறைக்கும் பொருள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பொடியில் அது சுமார் மூன்று சதவீதம்தான், தண்ணீரிலும் கரையாது. மீதியெல்லாம் மாவுச்சத்தும் நாரும். மண்ணுக்குள் விளைந்து, களத்தில் காய்ந்து, ஆலையில் அரைபட்டு வரும் பொடி கிருமி நீக்கியது அல்ல. 1962-ல் பன்றித் தோலில் செய்த ஒரு பரிசோதனையில், ஈரம் காத்து மூடிவைத்த காயத்தில் புதுத்தோல் படர்ந்த வேகம் காற்றில் காயவிட்ட காயத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இன்றைய டிரஸ்ஸிங் முறைகளுக்கு அதுதான் அடிப்படை. பொடி எதுவானாலும் அதற்கு நேர் எதிரான வேலையைத்தான் செய்கிறது. எனவே மஞ்சள் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம். சலைன் அல்லது கொதித்து ஆறிய தண்ணீரால் நனைத்து, தானாக வருவதை மட்டும் எடுத்து, புண்ணில் ஒட்டாத துணி டிரஸ்ஸிங் வைத்து அழைத்துப் போங்கள். தோலில் பிளாஸ்டர் நேராக ஒட்ட வேண்டாம், உரிக்கும்போது புதுப்புண் வரும்.

சரி, இப்போது நிலம். நான் நடச் சொல்வது இரண்டு செடிகளை: சோற்றுக்கற்றாழை, வல்லாரை.

கற்றாழைக்கு வடிகால் உள்ள, கொஞ்சம் மணல் கலந்த மண் போதும். ஒரு சாண் உயரமுள்ள பக்கக் கன்றுகளைப் பிரித்து, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். கற்றாழையைச் சாகடிப்பது வறட்சி அல்ல, தேங்கும் தண்ணீர். அடி அழுகி, இலை கொழகொழவென்று சாய்ந்துவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஒரு வருடம் ஆனபின் அடியில் உள்ள முதிர்ந்த இலைகளை மட்டும் அறுங்கள். அறுப்பதற்குச் சில நாள் முன்பே பாசனத்தை நிறுத்திவிடுங்கள்.

இலையை அடியோடு அறுத்ததும் வெட்டுவாயைக் கீழே பார்க்க வைத்து ஒரு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் இருந்து மஞ்சள் பால் சொட்டும், கசப்பு வாடை அடிக்கும். அதுதான் அலோயின் உள்ள பகுதி. தோலை அரித்துச் சிவக்கவைப்பது அதுவே. சொட்டு நிற்கும்வரை விட்டு, முள் ஓரங்களைச் சீவி, பச்சைத் தோலைத் தடிமனாகவே எடுத்துவிட்டு, நடுவில் உள்ள கண்ணாடிக் கட்டி போன்ற சோற்றை நன்றாகக் கழுவினால்தான் அது பயன்படும் பொருள். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் இருக்கும் வழவழப்பான மாவுப்பொருளுக்குத்தான் ஈரம் காக்கும் குணம். அறுத்த இலையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், வைத்தால் குணமும் குறையும், கிருமியும் ஏறும்.

இதை எங்கே தடவுவது? மூடிய தோலில் மட்டும். காய்ந்து செதிலாகும் முன்கால், லேசான வெயில் எரிச்சல், ஆறி முடிந்த புண்ணின் தழும்பு ஆகிய இடங்களில் தடவலாம். ஆழமான திறந்த புண்ணில் கற்றாழை உதவும் என்று நினைத்து 1991-ல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்த முடிவு தலைகீழ். வயிற்று அறுவைக்குப் பின் பிரிந்துபோன காயங்களில் வழக்கமான பராமரிப்பில் சராசரி 53 நாளில் ஆறியது, கற்றாழை ஜெல் வைத்ததில் 83 நாள் ஆனது. அதுவும் தொழிற்சாலையில் தயாரித்த ஜெல். நம் வீட்டு இலைச்சோற்றை அப்பாவின் புண்ணுக்குள் வைக்க எனக்குத் துணிவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

காயத்துக்கு உண்மையிலேயே விஷயம் உள்ள செடி என்றால் நான் வல்லாரையைச் சொல்வேன். இதிலுள்ள ஆசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு போன்ற பொருட்கள் தோல் செல்களைக் கொலாஜன் உண்டாக்கத் தூண்டுகின்றன. வயதான தோலில் குறைவது அதுதானே. அதனால் இதன் சாற்றைச் சுத்திகரித்துச் செய்த களிம்புகள் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன.

வல்லாரைக்குப் பாதி நிழலும் எப்போதும் ஈரமும் வேண்டும். மரத்தடியோ, 50 சதவீத நிழல்வலையோ போதும். கணுவில் வேர்விட்ட ஓடுதண்டுகளை ஓரடி இடைவெளியில் பதியுங்கள், மூன்று மாதத்தில் தரை தெரியாமல் மூடும். நாற்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போல் ஒட்டியிருந்தால் அது வேறு செடி. வல்லாரைக்குச் சிறுநீரக வடிவ இலை, காம்பு சேரும் இடத்தில் ஆழமான வெட்டு இருக்கும்.

வல்லாரையில் என் பெரிய கவலை அது வளரும் இடம். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடும், சாக்கடை ஓரம் அதற்குச் சொர்க்கம். மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் செடி அது. வீட்டுக் கழிவுநீர் பாயும் மூலையில் செழித்து நிற்கும் வல்லாரையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சுத்தமான பாசன நீர் இல்லை என்றால் இதை நடவே வேண்டாம். வல்லாரை சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். கற்றாழையோ வல்லாரைக் களிம்போ எதுவானாலும், முதலில் உள்முன்கையில் ஒரு பொட்டு அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். பழைய கால்புண் உள்ளவர்களுக்கு இந்த மாதிரி ஒவ்வாமை மற்றவர்களை விட எளிதில் வரும்.

வெட்டுக்காயப் பூண்டை நட வேண்டியதில்லை, நீங்கள் வேண்டாம் என்றாலும் அது வரும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவே மஞ்சள், ஓரத்தில் நான்கைந்து வெளிர் இதழ்கள், ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல். வேலை நடுவே அரிவாள் கீறினால் இதைக் கசக்கிச் சாறு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எலிகளில் செய்த ஆய்வுகளில் காயம் ஆற்றும் குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் வரப்பில் களைக்கொல்லி பட்டு, நாய் நடந்து, தரையோடு படர்ந்த இலை அது. 76 வயதுத் தோலுக்கு அது வேண்டாம்.

காயக் களிம்புகளில் சேர்க்கும் பூச்செடி காலெண்டுலா. அதன் விதை கேட்டால் சிலர் துலுக்கச் சாமந்தியைக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடி, குணமும் வேறு. உண்மையான காலெண்டுலா இலையை நசுக்கினால் துலுக்கச் சாமந்தியின் அந்தக் காட்டமான நெடி இருக்காது, பூவின் அடியைத் தொட்டால் பிசின் ஒட்டும். குளிர்ந்த பருவத்தில்தான் நன்றாகப் பூக்கும். இடம் மிச்சம் இருந்தால் நடுங்கள்.

எருக்கம்பால், கள்ளிப்பால் இரண்டையும் புண்ணருகே கொண்டுபோகக் கூடாது, தோலைப் பொத்துவிடும். குப்பைமேனியை அரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். சில பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், யாருக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தில் எழுதியிருக்காது.

இந்தப் பாத்திகளுக்குப் பச்சைச் சாணமோ சாணக் கரைசலோ இலைமேல் படக் கூடாது. நன்றாக மட்கிய தொழு உரத்தை நடவுக்கு முன் மண்ணில் கலந்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெளிப்புநீருக்குப் பதில் சொட்டுநீர் நல்லது, சேறு இலையில் தெறிக்காது. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் சாரல் வராத மாதிரி ஒரு வேலிச்செடி வரிசை இருக்கட்டும். மாட்டுத் தொழுவத்தில் இருந்து வந்த கையோடு அப்பாவின் கட்டைப் பிரிக்காதீர்கள், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு உட்காருங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, இலையைக் காய மருந்து என்று பெயர் சொல்லி விற்காதீர்கள். மருந்து தயாரிப்பவர்களுக்கு மூலப்பொருளாகக் கொடுப்பதுதான் விவசாயிக்குச் சரியான இடம். அவர்கள் தாவரப் பெயர், அறுவடைத் தேதி, பூச்சிமருந்து எச்சம், கன உலோகம், கிருமி அளவு எல்லாம் கேட்பார்கள். மூலிகை வளர்ப்புக்கும் சேகரிப்புக்கும் உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இவற்றையே சொல்கிறது. அதனால் முதல் நாளில் இருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்தப் பாத்தி, எந்தத் தண்ணீர், என்ன உரம், எப்போது அறுத்தது. வாங்குபவர் யார் என்று தெரியாமல் முழு நிலத்தையும் வல்லாரையாக்க வேண்டாம். முதல் வருடம் இரண்டு பாத்தி போதும்.

நடவுக்கு அவசரமில்லை, மழைநீர் தேங்காத பக்கம் எது என்று ஒரு மழை பார்த்துவிட்டே மேட்டுப்பாத்தி போடுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை அப்பா உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை இதய மட்டத்துக்கு மேல் தூக்கி வைக்கட்டும். படுத்தால் வலி கூடி, காலைத் தொங்கப்போட்டால் குறைகிறது என்று அவர் சொன்னால் தூக்கி வைப்பதை நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் சாப்பாட்டில் புரதம் குறைகிறதா என்றும் பாருங்கள், தோல் நெய்ய நூல் அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.